மண்டபத்தில் நிலையாகப் பொருத்தவென விற்ற ஒலிப்பதிவுக் கருவி பற்றிய புகார்

திருகோணமலை,
ஜனவரி மாதம்.

முகாமையாளர்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு,
கொழும்பு.

மதிப்புக்குரிய முகாமையாளர் அவர்களுக்கு,

நவம்பர் முதல் வாரத்தில் உங்கள் நிறுவனத்திடம் 3 இலட்சத்து 90 ஆயிரம் ரூபாய் கொடுத்து எங்கள் மண்டபத்துக்கென வாங்கிய, ராக் எனும் சட்டத்தில் பொருத்தும் ஒலிப்பதிவுக் கருவியைத் திருப்பி எடுத்துக்கொள்ளும்படி கேட்டு இதை எழுதுகிறேன். பொத்தானை அழுத்தினால் அது பதிகிறது. பதிந்தது தெளிவாகவே ஒலிக்கிறது. அதில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் பக்கத்தில் ஆள் இல்லாமல் தானே வேலை செய்யும் கருவிதான் வேண்டும் என்று கடிதத்தில் எழுதிக் கேட்டோம். வந்து சேர்ந்த கருவிக்கு ஒருவர் காவல் இருக்க வேண்டியிருக்கிறது.

உங்கள் விற்பனைப் பிரதிநிதி செப்டெம்பரில் நேரில் வந்து எங்கள் இடத்தைப் பார்த்தார். மேடைக்குப் பின்னால் பூட்டிய சிற்றறையில்தான் ராக் இருக்கிறது. அலுவலகம் வளவின் மறுகோடியில். நிகழ்ச்சி நாட்களில் ஒலிவாங்கிகளையும் மிக்ஸரையும் கவனிக்க ஒரே ஒருவர்தான், அதுவும் மண்டபத்தின் பின்வரிசையில். கடற்காற்றில் உப்பு ஏறி, வைத்த இடத்திலேயே திருகாணிகள் துருப்பிடிக்கும் ஊர் இது. இத்தனையையும் அவர் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். வாடைக்காலத்தில் மின்சாரம் அடிக்கடி போகும் என்று நானே இரண்டு முறை சொன்னேன். "இந்தக் கருவி கோப்பைத் தானே பாதுகாத்துக்கொள்ளும் ஐயா, வலையமைப்பு வசதியும் இருக்கிறது" என்றார். உங்கள் விலை விபரக் கடிதத்திலும் "வலையமைப்பு வசதி கொண்டது" என்றே அச்சாகியிருக்கிறது.

அந்த ஒரு சொல்லில்தான் நாங்கள் ஏமாந்தோம். ஒலிப்பதிவுக் கருவியில் வலையமைப்பு என்றால் மூன்று வெவ்வேறு வேலைகள் உண்டு. கணினியிலிருந்து பதிவைத் தொடங்கவும் நிறுத்தவும் முடிவது ஒன்று. டான்டே போன்ற முறையில் ஒலியே வலையமைப்புக் கம்பி வழியாக வந்து சேர்வது இன்னொன்று. பதிந்து முடிந்த கோப்பு, எஃப்டிபி என்னும் கோப்பு அனுப்பும் முறை வழியாக அலுவலகக் கணினிக்கு வந்துவிடுவது மூன்றாவது. எங்களுக்கு வேண்டியது மூன்றாவது. டான்டே எங்களுக்குத் தேவையே இல்லை. எங்கள் மிக்ஸர் பழையது, எக்ஸ்எல்ஆர் எனும் சாதாரண ஒலிக்கம்பிகள் இரண்டில் வேலை முடிந்துவிடும். நீங்கள் அனுப்பிய கருவியில் இருப்பது முதலாவது மட்டும். ஒவ்வொரு நிகழ்ச்சிக்குப் பிறகும் அறையைத் திறந்து, முகப்புத் தகட்டின் இரண்டு திருகாணிகளைக் கழற்றி, பதிவு சேரும் எஸ்டி அட்டையை நகத்தால் அழுத்தி வெளியே எடுக்கிறோம். இரண்டு மாதத்துக்குள் ஒரு திருகாணியின் தலை தேய்ந்துவிட்டது.

இவ்வளவோடு போயிருந்தால் சிரமம் என்று பொறுத்திருப்போம். டிசம்பர் இரண்டாவது சனிக்கிழமை நடந்ததை எங்களால் பொறுக்க முடியவில்லை.

அன்று மூதூர்ப் பக்கத்திலிருந்து 78 வயதுப் பெரியவர் ஒருவர் அம்பாப் பாட்டுப் பாட வந்திருந்தார். கரைவலை இழுக்கும்போது ஒருவர் எடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் கயிற்றை இழுத்தபடி பின்பாடும் பாட்டு அது. எங்கும் எழுதி வைக்கப்படாதவை, அவருக்கு மட்டுமே முழுதாகத் தெரிந்தவை பல. கையில் கயிறு இல்லாமல் தனக்குப் பாட்டு வராது என்றார். மண்டபத் தூணில் தும்புக் கயிறு ஒன்றைக் கட்டி மறுமுனையைக் கொடுத்தோம். பேரப்பிள்ளைகள் பின்னால் நின்று பிடிக்க, கயிற்றை இழுத்து இழுத்துப் பாடினார். கயிறு தூணில் உரசும் சத்தமும் பதிவில் வரட்டும் என்று ஒலிவாங்கி ஒன்றை அருகே வைத்தேன்.

மாலை 6.30க்குப் பதிவு தொடங்கியது. 8.20 அளவில் மின்சாரம் போயிற்று. அரை நிமிடத்தில் ஜெனரேட்டர் ஓடத் தொடங்கிவிட்டது, பெரியவரும் விட்ட இடத்திலிருந்தே பாடினார். கருவி மட்டும் தொடரவில்லை. மின்சாரம் வந்ததும் விழித்து, நிறுத்தப்பட்ட நிலையில் சும்மா இருந்தது. அறை பூட்டியிருந்ததால் ஒருவரும் அறியவில்லை. 9.30க்குக் கதவைத் திறந்தபோது பதிவின் சிவப்பு விளக்கு எரியவில்லை. அதுவரை பதிந்த 1 மணித்தியாலம் 50 நிமிடக் கோப்பின் அளவு திரையில் பூச்சியம் என்று நின்றது.

ஏன் இப்படி ஆகும் என்பது உங்கள் பொறியியலாளர்களுக்குத் தெரியாததல்ல. இக்கருவி பதியும் வேவ் வகை ஒலிக்கோப்பின் தலைப்பகுதியில் ஒலியின் நீளத்தை எழுதும் இடம் இருக்கிறது. இக்கருவி பதிவை நிறுத்தும்போதுதான் அதை நிரப்புகிறது. அட்டையின் அட்டவணையில் கோப்பின் அளவு ஏறுவதும் அப்போதுதான். நடுவில் மின்சாரம் போனால், ஒலி அட்டையில் இருந்தும் கோப்பு வெறுமையாகிவிடும். சில நிமிடங்களுக்கு ஒரு முறை இந்த விபரங்களை எழுதிக்கொண்டே போகும் கருவிகள் உண்டு. குறித்த நேரத்தில் கோப்பை மூடி, ஒரு நொடியும் தவறாமல் அடுத்ததைத் தொடங்குபவையும் உண்டு. நிலையான இடத்துக்கு அப்படிப்பட்டதைத்தான் தெரிந்தெடுத்துத் தந்திருக்க வேண்டும்.

மறுநாள் உங்கள் தொழில்நுட்பப் பிரிவுக்குத் தொலைபேசியில் சொன்னேன். "அட்டையை ஒருமுறை ஃபோர்மட் செய்து பாருங்கள் ஐயா" என்று பதில் வந்தது. ஃபோர்மட் என்றால் அட்டையைத் துடைத்துப் புதிதாக்குவது; அந்தப் பேச்சைக் கேட்டிருந்தால் ஒன்றுமே மிஞ்சியிருக்காது. முன்பு எங்களிடம் தபேலா பழகிய மாணவர் ஒருவர் அட்டையில் எதையும் மாற்றாமல் அதை அப்படியே படியெடுத்து, இரண்டு இரவுகள் இருந்து 1 மணித்தியாலம் 7 நிமிடத்தை மீட்டுத் தந்தார். மீதி, பழைய பதிவுகள் அழிந்த இடங்களில் சிதறிக் கிடந்ததால் துண்டு துண்டாகப் போய்விட்டது.

மின்சாரம் போனதும் மின்கலத்தில் கருவியை ஓட வைக்கும் யூபிஎஸ் வைத்திருக்க வேண்டும் என்று பிறகு உங்களிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. சரி, வைத்திருக்க வேண்டும். அது எங்கள் பக்கத்துக் குறை என்றே கொள்ளுங்கள். ஆனால் கருவியைப் பொருத்திய உங்கள் ஆள் அதைச் சொல்லவில்லை, விலை விபரத்திலும் அது இல்லை. யூபிஎஸ் வைத்தாலும் கோப்பு அலுவலகத்துக்கு வரப்போவதில்லை. கடிகாரமும் திருந்தப்போவதில்லை: அறையின் மின்சாரத்தை நிறுத்தும் ஒவ்வொரு முறையும் அது 2000 ஜனவரி 1க்குத் திரும்புகிறது. வலையமைப்பிலிருந்து நேரத்தை எடுத்துக்கொள்ளும் வசதி இல்லை. மார்கழியில் அதிகாலை 4.30 பஜனைக்கு நேரம் குறித்து வைத்த பதிவுகளில் இரண்டு இதனாலேயே தவறிப்போயின.

இந்தப் பணம் உறுப்பினர்கள் மாதாமாதம் நூறும் இருநூறுமாகச் சேர்த்தது. ஆகவே, மின்தடையில் கோப்பைக் காப்பாற்றி மின்சாரம் வந்ததும் பதிவைத் தொடர்வதும், கோப்பைத் தானே கணினிக்கு அனுப்புவதும், நேரம் தவறாததுமான கருவியை மாற்றித் தாருங்கள். உங்களிடம் அப்படி ஒன்று இல்லையென்றால் முழுப் பணத்தையும் திருப்பித் தாருங்கள். எதுவானாலும் உங்கள் ஆள் இங்கு வந்து பழையதைக் கழற்றிச் செல்ல வேண்டும். பஸ்ஸில் கொழும்புக்கு ஏற்றி அனுப்ப நாங்கள் தயாராக இல்லை. மாற்றுக் கருவியை எடுப்பதற்கு முன் எங்கள் மண்டபத்திலேயே, பதிவு ஓடும்போது மின்கம்பியைப் பிடுங்கிச் சோதிப்போம்.

14 நாட்களுக்குள் எழுத்தில் பதில் வேண்டும். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி, வாங்கிய மூன்று மாதங்களுக்குள் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு முறையிட வேண்டும். அந்தக் காலம் பெப்ரவரித் தொடக்கத்தில் முடிவதால் அதற்கு மேல் காத்திருக்க மாட்டோம். பற்றுச்சீட்டு, விலை விபரக் கடிதம், உங்கள் மின்னஞ்சல் ஆகியவற்றின் பிரதிகளை இணைத்திருக்கிறேன்.

பெரியவர் மறுபடியும் வந்து பாட ஒப்புக்கொண்டிருக்கிறார். வாடை அடங்கிக் கரைவலை தொடங்கிவிட்டால் அவர் கடற்கரையை விட்டு அசைய மாட்டார். மாசி முடிவதற்குள் அவரை அழைக்க வேண்டும். கயிறு இன்னும் தூணில்தான் கட்டியிருக்கிறது.

இப்படிக்கு,
ஒலிப்பதிவுப் பொறுப்பாளர்,
மண்டப நிர்வாகக் குழு.