மழையங்கியைத் திருப்பித் தரவேண்டும்

அன்புடையீர்,

என் சைக்கிள் பயணத்தில் உதவிய உங்களில் ஒருவருடைய பெயரும் எனக்குத் தெரியாது. கேட்டிருக்க வேண்டும், அந்த நேரத்தில் தோன்றவில்லை. 27 ஆண்டுகள் பேருந்து ஓட்டியவனுக்கு முகங்களைப் பார்த்துத்தான் பழக்கம், பெயர் கேட்டுப் பழக்கமில்லை. அதனால்தான் இப்படி ஊரறிய எழுதுகிறேன்.

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, என் 63ஆம் வயதில், தனியாகச் சைக்கிளில் சிங்கப்பூரைச் சுற்றிவந்தேன். ஈசூனில் புறப்பட்டு ஈசூனிலேயே முடித்தேன். 130 கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். “நீங்கள் ஓட்டாத சாலையா, அப்பா?” என்று மகன் சிரித்தான். ஓட்டியிருக்கிறேன். ஆனால் எந்தச் சாலையிலும் இறங்கி நின்றதில்லை. நிறுத்தம் வந்தால் கதவு திறக்கும், கதவு மூடும், அவ்வளவுதான். போதாதற்கு, சாலையின் இடது ஓரத்தை அடைத்துக்கொண்டு போகும் சைக்கிள்காரர்களை அத்தனை ஆண்டுகளும் மனத்துக்குள் திட்டியவன் நான். அந்தப் பாவத்தை அன்று முழுவதும் சுமந்து மிதித்தேன்.

முதல் நன்றி செம்பவாங் வெந்நீர் ஊற்றில் இருந்த சீனப் பெரியவருக்கு. அங்கே தண்ணீர் ஏறக்குறைய 70 டிகிரி வெப்பத்தில் வருகிறது. முட்டையை வாளியில் போட்டுவிட்டுப் பேசிக்கொண்டிருந்தால் வெந்துவிடும். என் தலைக்கவசத்தைப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் இரண்டு முட்டைகளை என் கையில் வைத்தார். உப்பு இல்லையே என்று அவர்தான் வருத்தப்பட்டார்.

அடுத்தது லிம் சூ காங் தம்பிக்கு. இவருக்கு நான் பட்ட கடன் பெரிது.

லிம் சூ காங் சாலையை அறிந்தவர்களுக்குத் தெரியும், அதன் ஒரு பகுதி வரைகோல் வைத்துக் கோடு போட்டதுபோல் இருக்கும். ஆகாயப் படை பயிற்சிக்காக அந்தச் சாலையை ஓடுபாதையாக மாற்றியதுண்டு; அந்த நாள்களில் விளக்குக் கம்பங்களையும் பேருந்து நிறுத்தங்களையும்கூடக் கழற்றி எடுத்தார்கள். போர் விமானம் இறங்கிய அந்தச் சாலையில் என் பின்சக்கரம் பஞ்சராகிவிட்டது. பக்கத்தில் கடை இல்லை. பண்ணைகள், வேலிகள், வெயில்.

நிறுத்தத்தில் நீங்கள் மட்டும் நின்றிருந்தீர்கள், தம்பி. தேய்த்த வெள்ளைச் சட்டை, வாரிய தலை. வாரத்துக்கு ஒரு நாள் விடுமுறை, லிட்டில் இந்தியாவின் தேக்காவுக்குக் கிளம்பியிருந்தீர்கள். “ஐயா, டியூபா?” என்று கேட்டீர்கள். புதுக்கோட்டைப் பக்கம் என்று பேச்சிலேயே தெரிந்தது. ஊழியர் தங்குமிடத்துக்குத் திரும்பி ஓடி, ஒட்டுப்போடும் சாமான்களும் ஒரு வாளித் தண்ணீரும் கொண்டுவந்தீர்கள். டியூபைத் தண்ணீரில் அமுக்கிக் குமிழி வரும் இடத்தைத் தேடிக்கொண்டிருந்தபோது 975ஆம் எண் பேருந்து வந்தது. ஓட்டுநர் வேகத்தைக் குறைத்து உங்களைப் பார்த்தார். நீங்கள் நிமிராமலேயே கையசைத்துப் போகச் சொன்னீர்கள்.

அந்தத் தடத்தில் ஒரு பேருந்தை விட்டால் எவ்வளவு நேரம் காய வேண்டும் என்று எனக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமையில் உங்களைப் போன்ற பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு, “உள்ளே நகருங்கள், உள்ளே நகருங்கள்” என்று எரிச்சலோடு கத்தியதும் எனக்கு நினைவிருக்கிறது. பணம் நீட்டினேன், வாங்கவில்லை. “எங்கள் அப்பாவும் சைக்கிள்தான், ஐயா” என்றீர்கள். உங்கள் வெள்ளைச் சட்டையில், வலது கை மடிப்புக்குக் கீழே, சங்கிலி மசி ஒட்டியிருந்தது. அதை உங்களிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மன்னியுங்கள்.

ஜூரோங்கைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. லாரி, புழுதி, மறுபடி லாரி.

சாங்கிக் கடற்கரைப் பூங்காவை அடைந்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. கெண்டைக்காலில் தசை பிடித்து, சைக்கிளோடு புல்லில் சாய்ந்துவிட்டேன். கூடாரம் போட்டிருந்த மலாய்த் தம்பதியர் ஓடிவந்தார்கள். அந்த அம்மா பையிலிருந்து கோடாலித் தைலத்தை எடுத்துக் கணவரிடம் கொடுக்க, அவர் என் காலை மடியில் தூக்கி வைத்துத் தேய்த்தார். முன்பின் தெரியாதவர் ஒருவர் என் காலைப் பிடித்தது எனக்குக் கூச்சமாக இருந்தது. அவருக்கு அப்படி ஒன்றும் இல்லை. “சுடா மாக்கான்?”, சாப்பிட்டாயிற்றா என்று மலாயில் கேட்டார். சாப்பிட்டுவிட்டேன் என்று பொய் சொன்னேன். என் பழைய பசார் மலாய், அதாவது சந்தையில் பேசும் கொச்சை மலாய், பொய் சொல்ல ஏற்றதில்லை போலிருக்கிறது. வாழையிலையில் நாசி லெமாக்கும் இரண்டு குன்னிங் மீனும் வந்தன. மிளகாய்ச் சம்பலைப் பற்றி மட்டும் வீட்டில் மூன்று முறை பேசி, மனைவியின் பார்வையைச் சம்பாதித்துக்கொண்டேன்.

பாசிர் ரிஸ், பொங்கோல், சிலேத்தார் வரை குறையில்லை. வீட்டுக்கு நான்கைந்து கிலோமீட்டர் இருக்கையில், ஈசூன் அவென்யூ 1இல், நீர்த்தேக்கத்தின் பக்கம் வானம் உடைந்துகொண்டு ஊற்றியது. ஒரு நிறுத்தத்தில் ஒதுங்கினேன். பின்விளக்கும் அணைந்துவிட்டது. மடக்க முடியாத சைக்கிளைப் பேருந்தில் ஏற்ற முடியாது. இந்த விதியைப் பிறருக்கு எத்தனை தடவை சொல்லியிருப்பேன்!

ஒரு பேருந்து வந்தது. நான் கை காட்டவில்லை. ஆனாலும் நின்றது. ஓட்டுநர் தம்பி, உங்கள் பேச்சில் ஜோகூர் வாடை. “அண்ணே, தூரமா?” என்று கேட்டுவிட்டு, இருக்கைக்குப் பின்னாலிருந்து உங்கள் மழையங்கியை எடுத்து நீட்டினீர்கள். எல்லையில் மோட்டார் சைக்கிளில் வரிசை நிற்பவருக்கு அது எவ்வளவு அவசியம் என்று எனக்குத் தெரியும். வேண்டாம் என்றேன். “எனக்கு இன்னும் இரண்டு சுற்று இருக்கிறது, அதற்குள் மழை விட்டுவிடும்” என்றீர்கள். மழை விடும் என்று எந்த ஓட்டுநருக்கும் தெரியாது. ஒரு நிறுத்தத்தில் கூடுதலாக நிற்கும் ஒவ்வொரு நிமிடமும் உங்கள் கணக்கில் ஏறும் என்பது மட்டும் தெரியும். ஓடிவருகிறவரைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே கதவை மூடியிருக்கிறேன் நான், அந்த ஒரு நிமிடத்துக்காக. உள்ளே இருந்த இரண்டு பயணிகளில் ஒருவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். வாயைத் திறக்காமல் இருந்ததற்காக அவருக்கும் என் நன்றி.

மழையங்கியைத் துவைத்து, நிழலில் காயவைத்து, மடித்து வைத்திருக்கிறேன். ஞாயிறுதோறும் இரவு 10 மணிக்கு அதே நிறுத்தத்தில் நிற்கிறேன். இதுவரை மூன்று வாரம் ஆகிவிட்டது. வேறு தடத்துக்கு மாற்றியிருந்தால் உங்கள் தோழர்கள் யாராவது இதைப் படித்துச் சொல்லட்டும். கை காட்டுவேன், நிறுத்துங்கள். ஏறமாட்டேன்.

நன்றியுடன்,
ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர்,
ஈசூன்