மரிட்ஸ்பர்க்கின் இலையுதிர் காலம்: தங்கைக்கு ஒரு கடிதம்

அன்புத் தங்கைக்கு,

சென்ற வாரம் நீ தொலைபேசியில் கேட்டதற்கு அப்போதே ஒழுங்காகப் பதில் சொல்ல முடியவில்லை; அடுப்பில் பருப்பு பொங்கிக்கொண்டிருந்தது. கோவையிலிருந்து தென்னாப்பிரிக்காவின் இந்த மரிட்ஸ்பர்க் நகரத்துக்கு வந்து இரண்டு மாதம் கடந்துவிட்டது, பிள்ளைகள் பள்ளி விட்டு வந்ததும் கைப்பேசியைத் தவிர வேறொன்றையும் தேடுவதில்லை, குளிர் வருவதற்குள் மகிழ்ச்சியாக எதையாவது செய்யத் திட்டமிட வேண்டும் அக்கா என்றாய். இதே கேள்வியைப் புதிதாக இங்கு வந்த வேறு சில குடும்பத்தினரும் கேட்டிருப்பதால், உனக்கு எழுதுவதை அவர்களும் படிக்கட்டும் என்று பொதுவிலேயே எழுதுகிறேன்.

குளிரை நினைத்து நீ இப்போதே அஞ்ச வேண்டியதில்லை. மார்ச் கடைசியிலிருந்து மே முடிய உள்ள நாள்கள்தான் இந்த ஊரின் ஆண்டிலேயே மிக நல்ல நாள்கள். நம் நகரம் குன்றுகளுக்கு நடுவே கிண்ணம்போல் அமைந்திருப்பதால் கோடையில் எப்படிப் புழுங்கியது என்பதையும், பிற்பகல் தோறும் எப்படி இடித்துக் கொட்டியது என்பதையும் நீயே பார்த்தாய். அந்த மழை இனி மெல்ல மெல்ல நின்று, வானம் துடைத்துவிட்டாற்போல் தெளியும். பகல் வெயில் முதுகுக்கு இதமாக இருக்கும். காற்றும் அடங்கியே இருக்கும். (பட்டம் வாங்கித் தரச் சொல்லிப் பிள்ளைகள் கேட்டால் ஆகஸ்டு வரை பொறுக்கச் சொல். காற்று அப்போதுதான் வரும்.)

உனக்குக் குழப்பம் தருவது பருவம் அன்று, நாள்காட்டி. சித்திரையும் வைகாசியும் இளவேனில் என்று படித்து வளர்ந்தவர்களுக்கு, சித்திரையில் இலை பழுத்து உதிர்வதைப் பார்த்தால் ஏதோ தவறு நடந்துவிட்டதுபோல் தோன்றும். நம் முன்னோர் வகுத்த ஆறு பெரும்பொழுதுகளில் இலையுதிர் காலம் என்று ஒன்று கிடையாது. நம் ஊரில் வேம்பும் அரசும் இலையைக் கொட்டிய சூட்டிலேயே துளிர்த்துவிடுவதால் அதை ஒரு தனிப் பருவமாகக் கொண்டாட அவர்களுக்கு நேரமே இருந்திருக்காது. இங்கோ உதிர்ந்த மரம் மீண்டும் துளிர்க்கச் செப்டம்பர் வரை காத்திருக்கும். இடைப்பட்ட அந்த நீண்ட நிதானத்தைத்தான் நாம் அனுபவிக்கக் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

நான் வந்த முதல் ஆண்டில் செய்த பிழையை உனக்குச் சொல்லிவிடுகிறேன். இருபத்தொரு செயல்களை எழுதிக் குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டினேன். முதலாவதாக மூன்று குடும்பங்களைச் சேர்த்துக்கொண்டு டிராக்கன்ஸ்பர்க் மலைக்குக் கிளம்பினோம். புளிச்சோறு கட்டவே விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்தேன். வளைவுப் பாதையில் என் சின்னவனுக்கு வாந்தி. மலையை எட்டியபோது முகில் மூடி எதுவும் தெரியவில்லை. திரும்பி வந்து இரண்டு நாள் ஒருவரோடு ஒருவர் பேசவில்லை. அந்தப் பட்டியலில் நான் நிறைவேற்றியவை மூன்றே மூன்று. ஆகவே வாரத்துக்கு ஒன்று போதும், அதுவும் இரண்டு மணி நேரத்துக்குள் முடிவதாக, சோறு கட்டத் தேவையில்லாததாக, நடந்தோ அரை மணி நேரக் கார்ப் பயணத்திலோ எட்டக்கூடியதாக இருக்கட்டும். ஒரு வாரம் தவறிப்போனால் அதை அடுத்த வாரத்தோடு சேர்த்து ஈடுகட்ட முயலாதே.

இலை பார்க்க ஒரே ஓர் இடத்துக்குத்தான் போக முடியும் என்றால், நம் ஊரின் தேசியத் தாவரவியல் பூங்காவுக்குப் போ. 1874இல் தொடங்கப்பட்ட அந்தப் பூங்காவில், 1908இல் நட்ட பிளேன் மரங்கள் இருபுறமும் வரிசையாக நின்று மேலே கிளை கோத்திருக்கும் நடைபாதை ஒன்று உண்டு. ஏப்ரல் பிற்பகுதி தொடங்கி அது பொன்னிறமாகும், மே மாதத்தில் கணுக்கால் புதையும் அளவுக்குச் சருகு சேரும். பிள்ளைகளை அதில் ஓட விட்டுவிட்டு நீ ஒரு பலகையில் உட்கார்ந்துகொள். எதையும் கற்பிக்க முயல வேண்டாம். ஆனால் பெரியவளுக்கு மூச்சிரைப்பு உண்டு என்றாயே, அந்த மர இலையின் அடிப்பக்கத்தில் உள்ள மெல்லிய சுணை தொண்டையில் பட்டால் இருமல் வரும். சருகை அள்ளி முகத்தில் எறிந்து விளையாடாமல் மட்டும் பார்த்துக்கொள். இந்த நாட்டுக்கே உரிய மரங்களில் பல எப்போதும் பச்சையாகவே நிற்பவை. நாம் வியந்து பார்க்கும் மஞ்சளும் சிவப்பும் பெரும்பாலும் பிளேன், ஓக், லிக்விடம்பர் என்று கடல் கடந்து வந்தவை தருகிற நிறங்கள். திரும்பும்போது ஆளுக்கு ஒரு பை நிறைய இலை எடுத்து வாருங்கள். நம் தெருவில் விழுகிற இலைகளையும் சேர்த்து, மே மாதத்து ஞாயிறு ஒன்றில் வாசலில் பூக்கோலம் போடுவதுபோல் இலைக்கோலம் போடலாம். மஞ்சள் உள்வட்டம், சிவப்பு அடுத்தது, பழுப்பு வெளிவட்டம். சென்ற ஆண்டு நான் போட்டதைப் பார்த்த பக்கத்து வீட்டு அம்மையார் மறுநாள் தன் தோட்டத்து இலைகளை ஒரு வாளியில் கொண்டுவந்து தந்தார்.

உண்பதைப் பற்றி எழுதத் தொடங்கினால் எனக்கு நிறுத்தத் தெரியாது. ஏப்ரலில் கொய்யா பழுக்கும். வேலி ஓரங்களில்கூடத் தானே முளைத்துக் காய்த்திருக்கும். அதே சமயத்தில் நார்ச்சி என்று இங்கே சொல்லும் கமலா ஆரஞ்சும் சந்தைக்கு வரும். அந்தச் சொல் நம் நாரத்தையிலிருந்து ஆப்பிரிக்கான்ஸ் மொழிக்குப் போனது என்பதை உன் பிள்ளைகளுக்குச் சொல். வகுப்பில் பெருமையடித்துக்கொள்ள உதவும். அதன் தோலை எறியாமல் முறத்தில் காயவைத்துப் பயத்தம்பருப்போடு அரைத்தால் குளியல் பொடி. உரிப்பதும் காயவைப்பதும் பிள்ளைகள் வேலை. பிறகு, மடும்பி. ஜூலு மக்கள் அமதும்பே என்பதை நம்மவர் அப்படிச் சொல்கிறார்கள். வேறொன்றும் இல்லை, நம் சேப்பங்கிழங்குதான். சாலையோரத்தில் விற்கும் பெண்களிடம் வாங்கி, உப்புப் போட்டுத் தோலோடு வேகவைத்து, சுடச்சுட உரித்துத் தின்ன வேண்டும். பச்சையாக நறுக்குவதானால் கையில் எண்ணெய் தடவிக்கொள், அரிக்கும்.

ஏப்ரல் 14 வருடப்பிறப்புப் பச்சடிக்கு இப்போதே ஆயத்தம் செய். மாங்காய்க் காலம் முடியப்போகிறது, ஆகவே கிடைக்கும்போது இரண்டு மாங்காயை உப்பிலிட்டு வை. புது வேப்பம்பூ கிடைக்காது. அம்மா அனுப்பிய உலர்ந்த பூவில் உனக்கும் பங்கு உண்டு. ஊரெங்கும் வேம்பைப் போலவே ஒரு மரம் நிற்பதைக் கண்டு ஏமாந்துவிடாதே: அது சிரிங்கா, நம் மலைவேம்பு. இந்தப் பருவத்தில் மஞ்சள் மணிகளாகத் தொங்கும் அதன் காய் நஞ்சு. உன் சின்னவன் எதையும் வாயில் போடுகிறவன் என்பதால் அந்த மரத்தை முதல் நாளே காட்டி எச்சரித்துவிடு.

பெரிய வெள்ளிக்கிழமையன்று நம் நகரத்து மாரியம்மன் கோயிலில் தீமிதி நடக்கும். கிறித்தவர்களின் நாளில் அம்மனுக்குத் திருவிழாவா என்று நீ வியப்பாய்; கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்களுக்குக் கிடைத்த விடுமுறை நாளில் வழிபாட்டை வைத்துக்கொண்டார்கள், அதுவே வழக்கமாகிவிட்டது என்று இங்குள்ள பெரியவர்கள் சொல்வார்கள். கூட்டம் மிகுதி, காலையிலேயே போய்விடுங்கள்.

என் மனத்துக்கு மிகப் பிடித்தது செலவே இல்லாத ஒன்று. மார்ச் கடைசியில் ஆறு மணி வரை இருக்கும் வெளிச்சம், மே கடைசியில் ஐந்தேகாலுக்கெல்லாம் மங்கிவிடும். பிள்ளைகள் உறங்கும் முன்பே வானம் நிறைய விண்மீன்கள் வந்துவிடும் என்பதால், இருட்டு சீக்கிரம் வருவதைக் குறையாக எண்ணாதே. ஏப்ரல் தொடக்கத்தில் ஏழரை மணிக்குக் கொல்லைப்புறத்தில் பாய் விரித்து வடமேற்கே பாருங்கள்: திருவாதிரை இருக்கும் வேடன் விண்மீன் கூட்டம், நம் ஊரில் கண்டதற்குத் தலைகீழாக, குட்டிக்கரணம் போட்டதுபோல் நிற்கும். சித்திரைப் பௌர்ணமியன்று கிழக்கே எழும் நிலவின் அருகில் சித்திரை நட்சத்திரம் இருக்கும். மாதத்துக்கு அந்தப் பெயர் வந்ததே அதனால்தான். மே நடுவில் ஒன்பது மணி அளவில் தெற்கே தென்சிலுவை உச்சத்துக்கு ஏறும். கோவையில் அது அடிவானத்தை விட்டு அதிகம் எழாது. இங்கோ அண்ணாந்து பார்க்க வேண்டும். அதைத்தான் திரிசங்கு என்பார்கள். மேலேயும் போகாமல் கீழேயும் இறங்காமல் நடுவில் நின்றவன் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது, வந்த புதிதில் எனக்குச் சிரிப்பும் வரும், சற்றுத் தொண்டையும் அடைக்கும். இப்போது சிரிப்பு மட்டும்தான்.

ஏப்ரல் 27 விடுதலை நாள் விடுமுறை. அன்று ஹோவிக் போவோம், அரை மணி நேரப் பயணம்தான். 95 மீட்டர் உயரத்திலிருந்து விழும் அருவியைப் பார்த்துவிட்டு, 1962ஆம் ஆண்டு ஆகஸ்டு 5 அன்று மண்டேலா கைதான இடத்துக்குப் போகலாம். அங்கே நிறுத்தியுள்ள ஐம்பது எஃகுத் தூண்கள், நடைபாதையில் ஒரு குறிப்பிட்ட இடத்தை அடையும் வரை வெறும் தூண்கள். அடைந்ததும் அவர் முகம். அது எந்த அடியில் தெரியத் தொடங்குகிறது என்று பிள்ளைகளே கண்டுபிடிக்கட்டும், முன்கூட்டிச் சொல்லிக் கெடுத்துவிடாதே. புல்வெளியில் நடந்து வந்த நாள்களில் காலுறையைக் கழற்றி உண்ணி ஏறியிருக்கிறதா என்று பார். இங்கே அதனால் காய்ச்சல் வரும். மே மாதத்துக்குள் புல் காய்ந்துவிடும், ஆகவே மாப்பிள்ளைக்கு நெருப்பு மூட்டிச் சோளம் சுடும் ஆசை வந்தால் வீட்டு முற்றத்தோடு நிற்கட்டும்.

வருகிற சனிக்கிழமை மூன்று மணிக்குப் பிள்ளைகளோடு வந்துவிடு. பின்வேலியில் கொய்யா இன்னும் பச்சைதான், ஆனாலும் இரண்டொன்று நிறம் மாறத் தொடங்கியிருக்கிறது. மிளகாய்த்தூளும் உப்பும் நான் எடுத்து வைக்கிறேன். வேப்பம்பூவுக்கு ஒரு மூடி போட்ட டப்பா கொண்டு வா, சென்ற முறைபோல் காகிதத்தில் மடித்துக்கொண்டு போகாதே.

அன்புடன்,
அக்கா