தேவிக்கு, பெரியம்மாவின் போன் விஷயமாக

அன்புள்ள தேவிக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. இங்கே எல்லாரும் நலம். போன் பண்ணினால் "மீட்டிங்கில் இருக்கேம்மா" என்கிறாய், அதனால்தான் எழுதுகிறேன். வேளாவேளைக்குச் சாப்பிடு கண்ணு.

நீ வேலை பார்க்கிற ஆப் சம்பந்தமாக ஒன்று சொல்ல வேண்டும். சென்ற நவம்பரில் பெரியம்மாவுக்கு உயிர்ச்சான்று போட்டோம், பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப் குடும்ப பென்ஷனுக்கு. பாத்திரம் தேய்த்துத் தேய்த்து அவள் விரலில் ரேகை எங்கே இருக்கிறது? மெஷின் எடுக்கவே எடுக்காது. 2021இல் முகத்தைக் காட்டினாலே போதும் என்று வந்த பிறகுதான் அலைச்சல் குறைந்தது. என்ன, கண்ணைச் சிமிட்டச் சொன்னால் இறுக்கி மூடிக்கொண்டு சாமி கும்பிடுகிறாள்!

நீங்கள் செய்கிற அந்த பேங்க் ஆப்தான் பெரும்பாடு. ஓடிபி மேலே எட்டிப் பார்த்து மறைந்துவிடும். மெசேஜுக்குள் போய் எண்ணைத் துண்டுச்சீட்டில் எழுதிக்கொண்டு திரும்பினால், பக்கம் மறுபடி முதலிலிருந்து நிற்கும். தப்பு தன்மேல் என்றே நினைக்கிறாள். "எனக்கு எதுக்குடி இதெல்லாம்" என்று போனைக் கவிழ்த்து வைத்துவிடுகிறாள். உங்கள் பக்கம் கொஞ்ச நேரம் காத்திருந்தால் என்ன? பொத்தானில் வெறும் படம் போடாதே, பேர் எழுது. பணம் வாங்க பின் நம்பர் தேவையே இல்லை என்பது உனக்குத் தெரியும், அவளுக்கு யார் சொல்வது? பின் கேட்கிற இடத்தில் "உங்கள் பணம் போகிறது" என்று கொட்டை எழுத்தில் போடு. நம் காய்கறிக்கார அக்கா போனைத் தொடுவதே இல்லை. "இருபது ரூபாய் பெறப்பட்டது" என்று கடையில் வைத்திருக்கிற ஸ்பீக்கர் பெட்டி கத்தியதும் முருங்கைக்காயை நீட்டிவிடுகிறாள். அதை யோசித்தவன் கெட்டிக்காரன். நீயும் லேசுப்பட்டவள் இல்லை, தெருவெல்லாம் சொல்லிக்கொண்டுதான் திரிகிறேன்.

செய்ததை ஆபீஸ் பிள்ளைகளிடம் காட்டி "நல்லாயிருக்கு" என்று வாங்கிக்கொள்ளாதே. பெரியம்மா மாதிரி நாலு பேர் கையில் கொடுத்துவிட்டு, வாயைத் திறக்காமல் பக்கத்தில் உட்கார். எங்கே விரல் தயங்குகிறது என்று பார்.

ஊருக்கெல்லாம் யோசிக்கிறவளுக்கு அம்மாவிடம் ரெண்டு வார்த்தை பேச நேரமில்லை. பொங்கலுக்கும் தனியாகத்தான் வந்தாய். மாப்பிள்ளைக்கு வேலை இருந்திருக்கும், நான் கேட்கவில்லை. அப்பாவும் கேட்காதே என்றுதான் சொல்லியிருக்கிறார். சித்தி விஷயத்தில் நாம் பேசிப் பேசி ஆனது போதும்.

வேளாவேளைக்குச் சாப்பிடு. சுண்டைக்காய் வற்றல் காய்ந்துவிட்டது, கூரியரில் போட வேண்டும். பழைய வீட்டு முகவரிக்கே அனுப்பட்டுமா?

அன்புடன்,
அம்மா