காம்பின் அடியையும் காட்டுங்கள்: காளான் காணொளி எடுப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மழை பிடித்ததும் காட்டிலும் வரப்பிலும் காளான் தேடிப் பறித்து, பல வேளைகளில் அங்கேயே அடுப்பு மூட்டிச் சமைத்து, அதைக் காணொளியாக வெளியிடும் அன்பர்கள் அனைவருக்கும் வணக்கம்.

உங்கள் காணொளிகளை விரும்பிப் பார்ப்பவர்களில் நானும் ஒருவன். பாக்கெட்டில் வரும் மொட்டுக் காளானையும் சிப்பிக் காளானையும் தவிர வேறெதையும் அறியாத ஒரு தலைமுறைக்குப் புற்றுக் காளான் என்று ஒன்று உண்டு என்பதைக் காட்டிக்கொடுத்தவர்கள் நீங்கள். அந்த நன்றியோடுதான் இந்த மடலை எழுதுகிறேன். மற்ற சமையல் காணொளிகளைப் பார்ப்பவர் மறுநாள் கடைக்குப் போவார். உங்கள் காணொளியைப் பார்ப்பவரோ அடுத்த மழைக்கு ஒரு பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் பின்னால் இருக்கும் பொட்டலுக்குப் போகிறார். அங்கே அவருக்குத் துணை நீங்கள் காட்டிய பத்து நிமிடப் படம் மட்டுமே என்பதால், அந்தப் பத்து நிமிடத்தில் எது இடம்பெறுகிறது, எது விடுபடுகிறது என்பதை நீங்கள் சற்று நின்று யோசிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

விடுபடுவது பெரும்பாலும் ஒரே இடந்தான். காளானின் குடையை மேலிருந்து அழகாகக் காட்டுகிறீர்கள். பிறகு ஒரு கை வந்து காம்பை மண்மட்டத்தில் கத்தியால் அறுக்கிறது அல்லது ஒடிக்கிறது. அடுத்த காட்சியில் அது கூடையில் இருக்கிறது, அதற்கடுத்த காட்சியில் மஞ்சள் நீரில் மிதக்கிறது. காம்பின் அடி மண்ணுக்குள்ளேயே கிடந்துவிடுகிறது. உண்ணும் காளானையும் உயிரைக் குடிக்கும் காளானையும் பிரித்தறிய உதவும் அடையாளங்களில் முதன்மையானது அந்த அடியில்தான் இருக்கிறது.

புற்றுக் காளான் கறையான் வளர்க்கும் பயிர். நிலத்துக்கடியில் உள்ள கூட்டில், மென்று தள்ளிய இலை, மரத்துகள் ஆகியவற்றால் கறையான்கள் கட்டும் பூஞ்சைத் தோட்டத்திலிருந்து அது மழை ஈரத்தில் மேலே கிளம்புகிறது. ஆகையால் அதன் காம்பு மண்மட்டத்தோடு நிற்பதில்லை. வேர் போன்ற ஒரு நீட்சி மண்ணைத் துளைத்துக்கொண்டு, சில வேளைகளில் ஒரு முழத்துக்கும் மேலாக, கூடு வரை இறங்குகிறது. அப்படியே இழுத்தால் பாதியில் அறுந்துவிடும்; குச்சியாலோ களைக்கொட்டாலோ பக்கவாட்டில் மண்ணைத் தோண்டிப் பார்த்தால்தான் அது கீழே போகப் போக மெலிந்து செல்வது தெரியும். மண்ணை முட்டித் துளைத்து வர வேண்டியிருப்பதால் குடையின் உச்சியிலும் கெட்டியான ஒரு கூர்முனை இருக்கும். குடை விரிந்த பிறகும் நடுவில் அந்த மேடு மறைவதில்லை.

கொல்லும் காளான்கள் பல இடம்பெறும் அமானிட்டா குடும்பத்தின் அடி வேறு விதமானது. இளங்காளான் ஒரு வெள்ளை உறைக்குள் முட்டை போல இருந்து, உறையைக் கிழித்துக்கொண்டு வளர்கிறது. கிழிந்த உறையின் மீதி, காம்பின் அடியில் ஒரு கிண்ணமாகவோ சிதைந்த பை போலவோ மண்ணுக்குள் தங்கிவிடுகிறது. காம்பை மண்மட்டத்தில் அறுத்தால் அந்தக் கிண்ணம் மண்ணிலேயே நின்றுவிடும்; கையில் எஞ்சுவது வெள்ளைக் குடையும் வெள்ளைக் காம்பும் கொண்ட, பார்ப்பதற்குச் சுத்தமான ஒரு காளான். உங்கள் காணொளியைப் பார்த்துப் பழகியவர் இதையும் அப்படியே அறுத்தெடுத்தால், அவரை எச்சரிக்கக்கூடிய முதன்மையான சான்றை அவரே மண்ணில் விட்டுவிட்டு வருகிறார்.

இவ்வளவும் படித்துவிட்டு, அடியில் கிண்ணம் இருந்தால் நஞ்சு, இல்லாவிட்டால் நல்லது என்று ஒரு வரியில் சொல்லிவிடாதீர்கள் என்றும் கேட்டுக்கொள்கிறேன். நாம் விலை கொடுத்து வாங்கும் வைக்கோல் காளானுக்கும் அடியில் உறை உண்டு. வட அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் ஆசிய நாடுகளிலிருந்து குடியேறியோர் ஐரோப்பிய மரங்களோடு வந்து பரவிய மரணக்குடை என்னும் அமானிட்டாவைப் பறித்துச் சமைத்து நஞ்சுக்கு ஆளான நிகழ்வுகளில், ஊரில் தின்று பழகிய வைக்கோல் காளான்தான் இது என்ற நம்பிக்கையே பலமுறை காரணமாக இருந்திருக்கிறது. 2012ஆம் ஆண்டின் தொடக்கத்தில் கான்பெராவில் அந்தக் காளானைச் சமைத்து உண்ட இருவர் இறந்தனர். மெல்பர்னிலும் டொராண்டோவிலும் இருக்கும் தமிழர்கள் உங்கள் காணொளியைப் பார்க்கிறார்கள் என்பதை நான் சொல்லி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. காங்கயத்துப் புற்றின் மேல் சரியாக இருக்கும் அடையாளம் அவர்கள் வீட்டுக்கருகில் இருக்கும் ஓக் மரத்தடியில் பொருந்தாது என்பதை மட்டும் அவர்களுக்குச் சொல்லுங்கள். காம்பைச் சுற்றிய வளையத்தை வைத்தும் முடிவு செய்ய முடியாது. தென்னிந்தியாவிலிருந்து 1979இல் அறிவியல் உலகுக்கு விவரிக்கப்பட்ட டெர்மிட்டோமைசிஸ் ஹைமி என்ற நம் புற்றுக் காளானுக்கே வளையம் உண்டு. கூட்டமாக முளைக்கும் பொடிக் காளானுக்கோ, கறையான்கள் மேலே தள்ளிய பூஞ்சைத் துணுக்குகளிலிருந்து அது வருவதால், நீண்ட வேர் இருப்பதில்லை. அதனால் குடையின் உச்சி, குடையின் அடிப்புறத்தில் உள்ள மடிப்புகளின் நிறம், காம்பு, அடி, முளைத்த இடம், அந்த மடிப்புகளிலிருந்து உதிரும் வித்துத் தூளின் நிறம் என எல்லாம் ஒன்றுக்கொன்று ஒத்துப்போக வேண்டும். ஒன்று ஒவ்வாவிட்டாலும் கூடையில் போடக் கூடாது.

வித்துத் தூளைப் பற்றித் தமிழில் பேசும் காணொளி ஒன்றைக்கூட நான் பார்த்ததில்லை என்பதால் அதைச் சற்று விரித்தே சொல்கிறேன். புல்வெளியிலும் மேய்ச்சல் நிலத்திலும் மழைக்குப் பின் பெரிய வெள்ளைக் குடைகளாக, மேலே பழுப்புச் செதில்களோடு முளைக்கும் குளோரோஃபில்லம் என்ற காளானால் வெப்ப நாடுகளில் பலர் வாந்தி, வயிற்றுப்போக்கு என்று அவதிப்படுகிறார்கள். அது பெரும்பாலும் உயிரைப் பறிப்பதில்லை. ஆனால் உண்ட ஓரிரு மணி நேரத்தில் ஆளைச் சாய்த்துவிடும், குழந்தைகளுக்கும் முதியவர்களுக்கும் அதுவே ஆபத்தாகலாம். இளசாக இருக்கும்போது அதன் மடிப்புகள் வெள்ளையாகவே இருக்கும். முற்றிய ஒரு குடையின் காம்பை வெட்டிவிட்டு, பாதி வெள்ளையும் பாதி கறுப்புமான காகிதத்தின் மேல் மடிப்புப் பக்கம் கீழே இருக்குமாறு வைத்து, ஒரு கிண்ணத்தால் மூடிச் சில மணி நேரம் விட்டால் காகிதத்தில் வித்துத் தூள் கோடு கோடாகப் படிந்திருக்கும். குளோரோஃபில்லம் மங்கிய பச்சையில் படியும். அமானிட்டாவின் தூள் வெள்ளை. கறுப்புக் காகிதம் இருந்தால்தான் கண்ணுக்குத் தெரியும். புற்றுக் காளானின் தூள் இளஞ்சிவப்பு கலந்த பாலேட்டு நிறம். காலையில் பறித்ததைப் பொழுது சாய்வதற்குள் சமைக்காவிட்டால் புழு வைத்துவிடும் என்ற அவசரம் எனக்கும் தெரியும். ஆனால் இதற்கு ஓர் இரவு முழுவதும் தேவையில்லை, கூடையில் இருக்கும் முற்றிய குடைகளில் இரண்டைக் காலையிலேயே கவிழ்த்து வைத்தால் மதியத்துக்குள் தெரிந்துவிடும். ஒன்றை மட்டும் சேர்த்துச் சொல்லுங்கள்: பச்சைத் தூளோ வெள்ளைத் தூளோ படிந்தால் அது புற்றுக் காளான் இல்லை என்று ஒதுக்க இந்தச் சோதனை உதவும், நிறம் சரியாக வந்தது என்பதற்காக மட்டும் உண்ணத் தகுந்தது என்று கொள்ள முடியாது. வைக்கோல் காளானின் தூளும் இளஞ்சிவப்புதான்; உண்ணத் தகாத வேறு சில காளான்களின் தூளும் அப்படி இருக்கலாம்.

இதற்கு மாறாக உங்கள் காணொளிகளில் திரும்பத் திரும்ப வருவது வெள்ளிக் காசும் பூண்டும் மஞ்சளும்தான். குழம்பில் போட்ட வெள்ளி கறுக்காவிட்டால், பூண்டு நிறம் மாறாவிட்டால், மஞ்சள் நீர் சிவக்காவிட்டால் காளான் நல்லது என்று ஒருவர் சொல்ல, அடுத்தவர் அதையே தம் பாட்டி சொன்னதாகச் சொல்கிறார். வெள்ளியைக் கறுக்க வைப்பது கந்தகம். அமானிட்டாவின் நஞ்சான அமாடாக்சினுக்கு வெள்ளியும் தெரியாது, பூண்டும் தெரியாது. பூச்சி அரித்திருந்தால் மனிதரும் தின்னலாம் என்பதும் அப்படிப்பட்டதே. நத்தைகளும் புழுக்களும் இந்தக் காளான்களைத் தின்றுவிட்டு நலமாகவே இருக்கின்றன. கொதிக்க வைத்தாலும் வெயிலில் உலர்த்தினாலும் அந்த நஞ்சு அழிவதில்லை. பாட்டி பிழைத்தது காசினால் இல்லை. எந்தப் புற்றில், எந்த மழைக்குப் பின், எந்தக் காளான் வரும் என்று அவர் ஆண்டாண்டுகளாக அறிந்திருந்ததால்தான்.

அந்த அறிவு இடத்தோடு கட்டுண்டது என்பதும் கவனிக்க வேண்டியது. பழனி மலையின் பளியரும் பேச்சிப்பாறைப் பக்கத்துக் காணிக்காரரும் தங்கள் காட்டை அறிவார்கள். ஆனால் கொடைக்கானலிலும் நீலகிரியிலும் பைன் மரங்கள் நடப்பட்ட பிறகு அவற்றின் வேரோடு கூடி வாழும் அமானிட்டா வகைகளும் அங்கே வந்துவிட்டன; அவற்றைப் பற்றிச் சொல்ல எந்த முன்னோரும் இருந்திருக்க முடியாது. 2022 ஏப்ரலில் மேல் அசாமின் சில மாவட்டங்களில் காட்டுக் காளான் உண்டு 13 பேர் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடும்பத்தினர், காளான் பறிப்பதைப் புதிதாகக் கற்றுக்கொண்டவர்கள் அல்லர்.

காணொளியின் முடிவில் ஒரு கவளம் வாயில் போட்டு, கண்ணை மூடி, பிரமாதம் என்று சொல்லும் காட்சியும் என்னை உறுத்துகிறது. மரணக்குடையை உண்டு பிழைத்தவர்கள் அது சுவையாக இருந்தது என்றுதான் சொல்லியிருக்கிறார்கள். அமாடாக்சின் உடலுக்குள் போய் 6 முதல் 24 மணி நேரம் வரை எந்தக் குறியும் காட்டுவதில்லை. அதற்குப் பிறகே கடும் வயிற்றுப்போக்கும் வாந்தியும் தொடங்குகின்றன. அடுத்த நாள் அவை தணிந்து, நோயாளி தேறிவிட்டார் என்று வீட்டார் நிம்மதியடையும் நேரத்தில்தான் கல்லீரல் செயலிழந்துகொண்டிருக்கும். படம் எடுத்து, வெட்டி ஒட்டி, பதிவேற்றி முடிக்கும் வரைக்கும்கூட நஞ்சு வாய் திறக்காமல் இருக்கலாம் என்பதால், நீங்கள் தின்று காட்டுவதை ஒரு சான்றாக எவரும் எடுத்துக்கொள்ளக் கூடாது என்று அந்தக் காட்சியிலேயே சொல்லிவிடுவது நல்லது.

இன்னொன்று, பார்ப்பவர்கள் ஒரு படத்தை அனுப்பி, இதைச் சாப்பிடலாமா என்று கேட்கிறார்கள். உங்களில் சிலர் தாராளமாகச் சாப்பிடலாம் நண்பா என்று பதில் எழுதுகிறீர்கள். குடையை மேலிருந்து எடுத்த அந்தப் படத்தில் மடிப்பும் தெரியாது, அடியும் தெரியாது. ஆயுள் முழுக்கக் காளானையே படித்த அறிஞர்கள்கூட அப்படி ஒரு படத்தைப் பார்த்து உண்ணலாம் என்று சொல்ல மாட்டார்கள். கைப்பேசிச் செயலிகளை நம்பச் சொல்வதும் வேண்டாம். அவை சொல்வது ஓர் ஊகம் மட்டுமே. தெரியாது, சாப்பிடாதீர்கள் என்று பதில் எழுதுவதால் உங்கள் மதிப்பு குறையாது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

ஆகவே வரும் பருவத்தில் நீங்கள் எடுக்கும் ஒவ்வொரு காளான் காணொளியிலும், ஒரே ஒரு காளானையாவது அறுக்காமல் முழுதாகத் தோண்டி எடுத்து, உச்சியிலிருந்து வேர் நுனி வரை ஒளிக்கருவியின் முன் அரை நிமிடமாவது பிடித்துக் காட்டுங்கள். பிறகு நீளவாக்கில் இரண்டாகப் பிளந்தும் காட்டுங்கள். அதே இடத்தில் அருகில் முளைத்திருக்கும் உண்ணத் தகாத காளான் ஒன்றையும் தோண்டிப் பக்கத்தில் வைத்தால் இன்னும் நல்லது. நாய்க்குடை என்று எட்டி உதைத்துவிட்டுப் போவதைவிட அது பல மடங்கு பயன் தரும். கூடையில் கொட்டியதை மொத்தமாகக் கழுவாமல் ஒவ்வொன்றாகப் பார்த்துத்தான் சேர்த்தீர்கள் என்பதும் படத்தில் வரட்டும், ஏனென்றால் நூறு நல்ல காளான்களுக்கு நடுவே வந்துவிட்ட ஒன்றே ஒரு குடும்பத்துக்குப் போதும். சமைப்பதற்கு முன் ஒன்றிரண்டைப் பச்சையாகவே ஒரு காகித உறையில் எடுத்து வைக்கச் சொல்லுங்கள். உண்டபின் யாருக்காவது உடல்நலம் கெட்டால், உப்பு நீர், மோர் என்று வீட்டிலேயே கைவைத்தியம் பார்த்து நேரத்தைக் கடத்தாமல், 108ஐ அழைத்து, எடுத்து வைத்த காளானோடும் உண்ட நேரம், முதல் வாந்தி வந்த நேரம் ஆகிய விவரங்களோடும் மருத்துவமனைக்குப் போக வேண்டும். உண்ட மற்றவர்களுக்கு ஒன்றும் இல்லையென்றாலும் அவர்களையும் உடன் அழைத்துச் செல்ல வேண்டும். ஆறு மணி நேரம் கழித்து அறிகுறி தொடங்கியது என்ற ஒரு தகவலே, இது சாதாரண உணவு ஒவ்வாமையா, கல்லீரலைக் கவனிக்க வேண்டிய நஞ்சா என்று மருத்துவர் பிரித்தறியப் பேருதவியாக இருக்கும். தில்லி எய்ம்ஸ் மருத்துவமனையில் இயங்கும் தேசிய நஞ்சுத் தகவல் மையத்தின் கட்டணமில்லா எண் 1800 116 117. அந்த எண்ணைக் காணொளியின் கடைசியில் மின்னி மறையும் எழுத்தாக வைக்காமல், அடுப்பு மூட்டும் காட்சிக்கு முன்னால், படித்து எழுதிக்கொள்ளும் அளவுக்கு நிறுத்திக் காட்டுங்கள்.

இப்படிக்கு,
புற்றுக் காளான் குழம்பு தின்று வளர்ந்த, உங்கள் பார்வையாளர்களில் ஒருவன்