இரவு அறுவடைக்கு நேர வரம்பு வேண்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

சம்பா அறுவடை வந்துவிட்டால் தஞ்சை, திருவாரூர், நாகை மாவட்டங்களில் அறுவடை இயந்திரங்கள் இரவிலும் நிற்பதில்லை. மணிக்கணக்கில் வாடகை என்பதால் வண்டி சும்மா நின்றால் உரிமையாளருக்கு நட்டம்; மழை பிடித்துக்கொள்ளுமோ என்று விவசாயிக்குப் பதற்றம். நடுவில் மாட்டிக்கொள்பவர் ஓட்டுநர். ஆத்தூர், சேலம் பக்கமிருந்து வந்து வயலோரம் தங்குபவர்கள் பலர். காலையில் பனி காய்ந்ததும் ஏறுபவர் இரவு 10, 11 மணிக்கு இறங்குகிறார். அப்புறமும் கிரீஸ் அடிக்கணும், வண்டியை லாரியில் ஏற்றி அடுத்த ஊருக்குக் கொண்டுபோகணும்.

காலை 5 மணிக்கு எழுந்தவர் இரவு 10 மணிக்கு 17 மணி நேரம் விழித்திருக்கிறார். 100 மில்லி ரத்தத்தில் 50 மில்லிகிராம் மது இருந்தால் வரும் மந்தம், அந்நேரம் அவர் கண்ணுக்கும் கைக்கும் வந்துவிடுவதை ஆய்வுகள் அளந்து சொல்லியிருக்கின்றன. மோட்டார் வாகனச் சட்டப்படி 30 மில்லிகிராமைத் தாண்டினாலே வழக்கு. சொட்டு மது தொடாதவர் அந்த நிலையில்தான் வாய்க்கால் கரையில் வண்டியைத் திருப்புகிறார், தாழ்வாகப் போகும் மின்கம்பிக்குக் கீழே நெல் கொட்டும் குழாயை நீட்டுகிறார். மூன்று நொடி கண் சொக்கினால் போதும்.

கை போவது பெரும்பாலும் அடைப்பு எடுக்கும்போதுதான். பனி இறங்கியதும் வைக்கோல் பதத்துப்போய் அறுபடாமல் கதிரடிக்கும் டிரம்மில் சுற்றிக்கொள்ளும். பகலில் எப்போதாவது வரும் அடைப்பு, இரவில் அடிக்கடி வரும். அலுத்துப்போன ஓட்டுநர் எஞ்சினை ஓடவிட்டே இறங்கி வைக்கோலைப் பிடுங்குவார். செய்ய வேண்டிய முறை வேறு: எஞ்சினை அணைத்து, சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ள வேண்டும். அணைத்த பிறகும் டிரம் தன் வேகத்தில் சற்று நேரம் சுற்றும். அது முழுக்க நிற்கும்வரை மூடியைத் திறக்கக் கூடாது. வெட்டும் பகுதிக்கு அடியில் போவதானால் முட்டுக்கட்டை கொடுத்த பிறகே தலையை நுழைக்கணும். ஓட்டுநர்களுக்கு இதெல்லாம் தெரியும். தூக்கம் கெட்டவர் முதலில் கைவிடுவது தெரிந்த ஒழுங்கைத்தான்.

இதில் விவசாயிக்கும் லாபமில்லை. பனியில் அறுத்த நெல், கொள்முதல் நிலையத்தின் 17 சதவீத ஈரப்பத வரம்பைத் தாண்டி, சாலையில் கொட்டிக் காயவைக்கும் நிலைக்கு வந்துவிடுகிறது. மழை எச்சரிக்கை உள்ள நாளில் இரவில் அறுப்பதைக் குறை சொல்ல முடியாது. வானம் தெளிந்திருக்கும் நாளில் எதற்கு அந்த அவசரம்?

விபத்து உடனே தெரியும். ரத்தக் குழாய்க்கு நேரும் கேடு தெரிவதில்லை. வாரம் 55 மணி நேரமோ அதற்கு மேலோ வேலை செய்பவருக்கு, 35 முதல் 40 மணி நேரம் செய்பவரைவிடப் பக்கவாத ஆபத்து 35 சதவீதமும், இதய நோயால் இறக்கும் ஆபத்து 17 சதவீதமும் கூடுதல் என்று உலக சுகாதார நிறுவனமும் சர்வதேச தொழிலாளர் அமைப்பும் 2021இல் கூறின. நம் ஓட்டுநர்கள் அந்த 55 மணியை ஐந்தே நாளில் எட்டிவிடுகிறார்கள். தூக்கம் குறைந்தால் பிரஷர் ஏறும். தூக்கத்தை விரட்டப் போடும் புகையிலை அதை இன்னும் ஏற்றும். வீட்டை விட்டு இரண்டு மாதம் வருபவர்களுக்கு பிரஷர் மாத்திரையும் பாதியில் நின்றுவிடுகிறது. வீட்டு வாசலுக்கே மாத்திரை தரும் அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் வயலுக்கு வராது. கிளம்பும்போதே இரண்டு மாத மாத்திரையைக் கேட்டு வாங்கிவர வேண்டும். வாய் கோணினாலோ, ஒரு கை தளர்ந்தாலோ, பேச்சு குழறினாலோ படுக்கவைத்துப் பார்க்காமல் உடனே 108ஐ அழைக்க வேண்டும். ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். ஸ்கேன் எடுக்கும் நேரமும் அதற்குள் அடக்கம்.

மாலை 5 மணிக்கு மேல் டீயைக் குறைத்து, அரை மணிக்கு ஒரு டம்ளர் தண்ணீர் குடிப்பது நல்லது. சிறுநீர் அடர் மஞ்சளாகப் போனால் தண்ணீர் போதவில்லை.

ஒரு நாளுக்கு 9 மணி நேரம், 5 மணி நேரத்துக்கொருமுறை அரை மணி ஓய்வு என்று 1948லேயே தொழிற்சாலைச் சட்டம் வகுத்தது. வயலுக்கு அது பொருந்தியதில்லை. ஆனால் அறுவடைக்கு முன் வாடகை நிர்ணயிக்க மாவட்ட நிர்வாகம் உரிமையாளர்களையும் விவசாயிகளையும் கூட்டுகிறதே, அந்தக் கூட்டத்திலேயே இதையும் முடிவு செய்யலாம். இரவு 8 மணிக்கு மேல் ஓடும் வண்டிக்கு இரண்டாவது ஓட்டுநர் கட்டாயம் இருக்க வேண்டும். அவருக்கான கூலியையும் வாடகையில் சேர்த்தே அறிவிக்க வேண்டும். ஓட்டுநரின் பேட்டாவை நாள் கணக்கில் தர வேண்டும். மணிக்கணக்கில் தந்தால் ஓட்டுநரே தூக்கத்தை விற்றுத்தான் ஓட்டுவார். வாடகை அறிவிப்புத் தாளில் இதற்கு நான்கு வரி போதும்.

– வேளாண் இயந்திரப் பணியில் உள்ள வாசகர்கள்,
மன்னார்குடி