மாங்காய் மண்டியில் என் படங்களை மாட்ட உதவியவர்களுக்கு

வணக்கம்.

மூன்று நாள் கண்காட்சி ஞாயிற்றுக்கிழமை இரவு முடிந்தது. கடைசிப் படத்தைக் கயிற்றிலிருந்து இறக்கிப் பழைய சேலையில் சுற்றி வைக்கும்போது மணி பத்தரை. ஒவ்வொருவருக்கும் நேரில் நன்றி சொல்ல நினைத்திருந்தேன். அந்த அலைச்சலில் பாதிப் பேரிடம் "வரேண்ணா", "பார்க்கலாம்க்கா" என்பதோடு போய்விட்டது. அதனால்தான் இந்த மடல்.

பதினெட்டு வருடமாகப் படம் போடுகிறேன். குழந்தைகள் புத்தகம், பத்திரிகைக் கதை, அட்டைப்படம் என்று எது வந்தாலும் போடுவேன். சென்னையில் மாட்டியிருக்கிறேன், பெங்களூரில் நடைபாதையில் வைத்திருக்கிறேன். சொந்த ஊரான கிருஷ்ணகிரியில் மட்டும் ஒரு ஆணி அடித்ததில்லை. இடம் கேட்டுப் போன இடத்திலெல்லாம் "இங்க யாரும்மா படம் பார்க்க வருவாங்க?" என்றார்கள். அதை நானும் இத்தனை வருடம் நம்பிக்கொண்டிருந்தேன். இப்போது நினைத்தால் அதுதான் வருத்தமாக இருக்கிறது.

முதல் நன்றி மண்டி ஐயாவுக்கு. "ஆடி தாண்டிட்டா கொட்டகை சும்மாதானே கிடக்குது, எடுத்துக்கோ தாயி" என்றார். வாடகைப் பேச்சையே எடுக்கவில்லை. சீசனில் பெங்களூரா மாங்காய் லோடு லோடாக வந்து இறங்கி, கூழ் ஆலைகளுக்குக் கிளம்புகிற இடம் அது. மூன்று தடவை கழுவி விட்டும் வைக்கோல் வாசனை போகவில்லை. போகாததும் நல்லதுதான். படம் பார்க்க வந்தவர்கள் தங்கள் வீட்டுக்குள் நுழைவது மாதிரி நுழைந்தார்கள்.

கொட்டகையைக் கூட்டிப் பெருக்கிக் கொடுத்தது சீசனில் அங்கே காய் தரம் பிரிக்கிற அக்காமார்கள். வேலை முடிந்த பிறகும் அவர்கள் போகவில்லை. மண்டியில் ஒரு பெண் கூடையைத் தூக்குகிற மாதிரி நான் போட்டிருந்த படத்துக்கு முன்னால் கூடி நின்றார்கள். அதில் ஒரு அக்கா ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "கண்ணு, இப்படிப் புடிச்சா மணிக்கட்டு போயிரும்" என்றார். மூலையில் கிடந்த கூடையை எடுத்து வந்து காட்டினார். ஒரு கை விளிம்பில், இன்னொரு கை அடியில், கூடையின் பாரம் இடுப்பில். நான் விரல்களை விளிம்பில் மட்டும் போட்டிருந்தேன். பத்திரிகை ஆசிரியர்கள், ஓவியர்கள் என்று எத்தனையோ பேர் பார்த்த படம் அது. ஒருவர்கூட இதைச் சொன்னதில்லை. அக்கா, உங்களுக்கு நான் பட்டிருக்கும் கடன் பெரியது.

அப்புறம் பழையபேட்டை ஃபிரேம் கடை அண்ணன். அவர் கடையில் சாமி படமும், மாலை போட வேண்டிய போட்டோவும்தான் வழக்கம். படத்தைச் சுற்றி வைக்கும் மவுண்ட் போர்டு அட்டையை உள்பக்கமாக 45 டிகிரி சாய்த்து வெட்ட வேண்டும் என்று நான் சொன்னபோது அவரிடம் அதற்கான கருவி இல்லை. மரச் சட்டம் ஒன்றைச் சாய்வாக இழைத்து, பிளேடை அதன் மேல் சாய்த்துப் பிடித்து வெட்டிப் பார்த்தார். மூலைகளில் பிளேடு ஒரு மயிரிழை தாண்டிப் போனாலும் அட்டை வீண். அப்படி ஒன்பது அட்டைகள் போயின. பத்தாவதில் நான்கு மூலையும் சுத்தமாக விழுந்தது. வெள்ளையாக, மெல்லிசாக அந்தச் சாய்வு படத்தைச் சுற்றி ஓடியதைப் பார்த்ததும் அவர் விசிலடித்தார். போன ஒன்பதையும் பில்லில் சேர்க்கவே இல்லை. கண்ணாடி படத்தைத் தொடாமல் இடைவெளி விட்டால்தான் வண்ணம் கண்ணாடியில் ஒட்டாது என்று நான் அவருக்குச் சொல்லிக்கொடுத்தேன். கொக்கியை எந்த உயரத்தில் அடித்தால் படம் முன்னால் சாயாது என்று அவர் எனக்குச் சொல்லிக்கொடுத்தார்.

லைட் செட் தம்பிக்கும் நன்றி. திருவிழா சீரியல் பல்புகளோடு வந்தவர், ஒரே மணி நேரத்தில் எல்லாவற்றையும் மாற்றிவிட்டார். கண்ணாடியில் வெளிச்சம் அடிக்காத கோணத்தை ஏணியில் நின்று அவரே கண்டுபிடித்தார்.

டிராயிங் சார் இரண்டாம் நாள் வந்தார். லோயர், ஹையர் என்ற இரண்டு அரசு ஓவியத் தேர்வுக்கும் என்னை உட்காரவைத்தவர் அவர்தான். எட்டாம் வகுப்பில் எங்களைப் பஸ் ஏற்றி, தருமபுரி தாண்டி அதியமான்கோட்டை சென்றாயப் பெருமாள் கோயிலுக்குக் கூட்டிப்போனார். "கழுத்து வலிக்குதா? தரையில படுத்துப் பாருங்க" என்றார். மண்டபத்துக் கல் தரையில் வரிசையாகப் படுத்துக்கொண்டு விதானத்து ராமாயண, பாரத ஓவியங்களைப் பார்த்தோம். முதுகில் அந்தக் கல்லின் குளிர்ச்சி எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. ஒரு கதையைப் படங்களாக வரிசைப்படுத்தலாம் என்று அன்றுதான் தெரிந்தது. இன்று என் பிழைப்பே அதுதான். சார், மண்டியில் உங்களுக்கு நாற்காலி போட்டும் நீங்கள் உட்காரவில்லை. ஒவ்வொரு படமாக நின்று பார்த்தீர்கள்.

பெங்களூர்த் தோழியைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே சொல்ல வேண்டும். ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அங்கே சித்ரகலா பரிஷத் ஓவியக் கல்லூரி முன்னால் குமாரகிருபா சாலையில் வண்டிகளை நிறுத்திவிட்டுச் சித்திரச் சந்தை நடக்கும். பல மாநில ஓவியர்கள் நடைபாதையில் படங்களைச் சாய்த்து வைத்துக்கொண்டு உட்காருவார்கள். இங்கிருந்து தொண்ணூறு கிலோமீட்டர்தான். அதிகாலை மூன்று மணிக்குப் பஸ் பிடித்தால் போதும். முதல் வருடம் எனக்குப் பக்கத்து இடம் அவருக்கு. அவர் கன்னடத்தில் கேட்டார், நான் தெரிந்த கன்னடத்தோடு தமிழைக் கலந்து பதில் சொன்னேன், மதியத்துக்குள் ஒரே டப்பாவில் புளியோதரை சாப்பிட்டோம். அன்று பெரிய படம் ஒன்றுகூட விற்கவில்லை. ஐம்பது ரூபாய் புத்தகக்குறிகள்தான் போயின. எனக்கு அழுகை வந்துவிட்டது. அப்போது அவர் சென்னைக்குப் பக்கத்தில் இருக்கிற ஓவியர் கிராமமான சோழமண்டலத்தைப் பற்றிச் சொன்னார். 1966இல் ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரோடு சேர்ந்து அந்தக் கிராமத்தை உருவாக்கிய ஓவியர்கள், மெழுகு வைத்துச் சாயம் போடும் பாத்திக் துணியும் கைவினைப் பொருளும் விற்ற காசில்தான் தங்கள் ஓவியத்தைக் காப்பாற்றிக்கொண்டார்களாம். "நீ புத்தகக்குறி வித்தா என்ன?" என்றார். அடுத்த மாதமே என்னை அங்கே கூட்டிப்போய்க் காட்டினார்.

சென்னையில் ஒரு அரங்கில் கூரை ஒழுகி என் பதினோரு படங்கள் நனைந்தபோதும் இரவோடு இரவாக வந்தவர் அவர்தான். "நியூஸ் பேப்பர் வைக்காதே, அச்சு மை ஏறிடும்" என்று கத்திக்கொண்டே வந்தார். வெள்ளைப் பருத்தித் துணியும் பிளாட்டிங் தாளும் மாற்றி மாற்றி வைத்து, மேலே பிளைவுட், அதன்மேல் அரிசி மூட்டை. விடிய விடிய ஒரு மணிக்கு ஒரு தரம் தாள் மாற்றினோம். நீர்வண்ணம் கலங்கிப்போனது. இந்திய மையில் போட்ட கோடுகள் மட்டும் அசையவில்லை. ஏழு படங்கள் பிழைத்தன. அந்த ஏழும் இந்த மண்டியில் இருந்தன. ஓரத்தில் லேசாக நீர்க்கறையோடு நீங்கள் பார்த்தவை அவைதான்.

பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டி வந்த டீச்சர்களுக்கும் நன்றி. பர்கூர் பக்கத்துப் பையன் ஒருவன் என் குதிரைப் படத்தைப் பார்த்துவிட்டு, "மல்லப்பாடி பாறை ஓவியத்துல இருக்கிற வெள்ளைக் குதிரைக்குக் கண்ணே கிடையாது, உங்களுது ஏன் முறைக்குது?" என்று கேட்டான். பதில் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன், கண்ணா.

சரி, கடைசியாக ஒன்று. கூடைப் படத்தை அன்றிரவே மறுபடி போட ஆரம்பித்து நேற்று முடித்துவிட்டேன். ஒரு கை விளிம்பில், ஒரு கை அடியில். இப்போது ஃபிரேம் அண்ணனிடம் இருக்கிறது. வெள்ளிக்கிழமை கொண்டு வருகிறேன். அக்கா, உங்கள் வீட்டில் வெயில் படாத சுவர் எது என்று பார்த்து வையுங்கள்.

அன்புடன்,
உங்கள் ஊர்ப் பெண்