விழித்திருந்தவர்களுக்கு நன்றி

கிறிஸ்துவுக்குள் பிரியமான உங்கள் எல்லோருக்கும்,

என் கணவர் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்டார். இதை எழுதும்போது பக்கத்து அறையில் தூங்கிக்கொண்டிருக்கிறார். நடந்ததெல்லாம் உங்களுக்குத் தெரியும், அதைத் திரும்ப எழுத எனக்கு இன்னும் தெம்பு வரவில்லை. ஆனாலும் நன்றியைத் தள்ளிப்போட மனசு கேட்கவில்லை.

உபவாசம் இருந்தவர்கள், ராத்திரி ஜெபத்தில் ஆளுக்கொரு மணி நேரம் எடுத்துக்கொண்டவர்கள், ரத்தம் கொடுக்க வரிசையில் வந்து நின்ற வாலிபத் தம்பிகள், பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து கூட்டிவந்து சாப்பிட வைத்துத் தூங்க வைத்தவர்கள், கவரில் பணம் வைத்துப் பெயர் எழுதாமல் போனவர்கள், எண்ணெய் பூசி ஜெபித்த போதகர், கேட்ட கேள்வியையே திரும்பத் திரும்பக் கேட்டபோதும் முகம் சுளிக்காமல் பதில் சொன்ன நர்ஸம்மா. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுத வேண்டும், எழுதுவேன். இப்போதைக்கு இந்த ஒரு மடலில் எல்லோரும் இருக்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒருவரைப் பற்றி மட்டும் இன்றைக்கே சொல்லியாக வேண்டும். பெயர் போட வேண்டாம் என்று அவரே கேட்டுக்கொண்டதால் அக்கா என்றே எழுதுகிறேன். ஆராதனையில் கடைசி பெஞ்சில் உட்காருவாரே, அதிகம் பேசாதவர். எங்களுக்கு அவ்வளவு பழக்கம்கூடக் கிடையாது.

டாக்டர் வந்து பேசிவிட்டுப் போன அந்த ராத்திரி, வராண்டா பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். போனில் வசனங்கள் வந்துகொண்டே இருந்தன. “விசுவாசி, நிச்சயம் சுகமாகிவிடும்” என்று சொன்னவர்கள் அன்பினால்தான் சொன்னார்கள், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அந்த நேரத்தில் அது பாரமாக இறங்கியது. என் விசுவாசம் ஒரு குண்டுமணி குறைந்தாலும் அவருக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று பயந்தேன். அப்போதுதான் அக்கா வந்தார். கையில் ஒரு போர்வை. என் தோளில் போட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். என்ன ஆச்சு, டாக்டர் என்ன சொன்னார் என்று எதுவும் கேட்கவில்லை.

ரொம்ப நேரம் கழித்து, “ஜெபிக்கலாமாம்மா?” என்றார். எனக்கு வார்த்தையே வரவில்லை என்றேன். “அப்போ ஆண்டவர் கத்துக்கொடுத்ததையே சொல்லுவோம்” என்று என் கையைப் பிடித்துக்கொண்டு ஆரம்பித்தார். பரமண்டலங்களிலிருக்கிற எங்கள் பிதாவே. சேர்ந்து சொன்னேன். உம்முடைய ராஜ்யம் வருவதாக என்பது வரை வந்தேன். அடுத்த வரியில் வாய் அடைத்துவிட்டது.

ஓய்வுநாள் பள்ளியில் படித்த நாளிலிருந்து மூச்சு விடுவதுபோலச் சொல்லி வந்த வரி அது. “இதைச் சொன்னா அவரை நானே தூக்கிக் கொடுத்த மாதிரி ஆயிடும் அக்கா” என்று அழுதேன். அக்கா திடுக்கிடவில்லை, வசனம் எடுத்துத் திருத்தவும் இல்லை. “சரிம்மா. இந்த வரியை உனக்கும் சேத்து நான் சொல்லிடறேன். உனக்கு எப்போ வருதோ அப்போ சொல்லிக்கோ” என்றார். “உம்முடைய சித்தம் பரமண்டலத்திலே செய்யப்படுகிறதுபோல பூமியிலேயும் செய்யப்படுவதாக” என்று தனியாக, நிறுத்தி நிதானமாகச் சொன்னார். அன்றன்றுள்ள ஆகாரம் என்ற இடத்தில் நான் மறுபடி சேர்ந்துகொண்டேன்.

அப்புறம் விடியும்வரை இருந்தார். முழங்கால் வலி தாங்காமல் அவ்வப்போது எழுந்து சுவரைப் பிடித்து நிற்பார், திரும்ப வந்து உட்காருவார். தூங்கவே இல்லை.

அக்கா பக்கத்தில் இருந்தபோதுதான் வேதத்தில் மத்தேயு 26ஆம் அதிகாரத்தைத் திறந்தேன். சிலுவைக்கு முந்தின ராத்திரி கெத்செமனே தோட்டத்தில் இயேசு முதலில் ஜெபித்தது, கூடுமானால் இந்தப் பாத்திரம், அதாவது வரப்போகும் பாடு, என்னைவிட்டு நீங்கட்டும் என்றுதான். ஆகிலும் உம்முடைய சித்தம் என்பது அதற்குப் பிறகு வருகிறது. இரண்டாம் முறை ஜெபிக்கும்போது, நான் குடித்தாலொழிய இது நீங்காதென்றால் என்று ஜெபமே மாறியிருக்கிறது. மூன்றாம் முறையும் போய் அதே வார்த்தைகளைச் சொல்கிறார். குமாரனே முகங்குப்புற விழுந்து, மூன்று தரம் போய்ச் சொல்ல வேண்டியிருந்த ஜெபத்தை நான் ஒரே மூச்சில் சொல்லிவிட வேண்டும் என்று யார் எதிர்பார்த்தது? அதோடு, என்னோடேகூட விழித்திருங்கள் என்று அவர் தம் சீஷரைக் கேட்டிருக்கிறார். அவர்கள் தூங்கிவிட்டார்கள். ஆண்டவர் கேட்டும் கிடைக்காத துணை, நான் கேட்காமலே எனக்குக் கிடைத்தது. அதை நினைக்கும்போதெல்லாம் தொண்டை அடைக்கிறது.

விடிவதற்குக் கொஞ்சம் முன்னால் அந்த வரியைச் சொன்னேன். முழுசாகக்கூட இல்லை, “உம்முடைய சித்தம்” வரைக்கும்தான். உடனே சமாதானம் வந்து நிரப்பியது என்று சாட்சி சொல்ல மாட்டேன். பயம் அப்படியே இருந்தது. ஆனால் என் கணவரைப் பிடித்து வைத்திருப்பது என் வேலை என்ற நினைப்பு போயிற்று. கை கால் எல்லாம் தளர்ந்து, அங்கேயே கொஞ்ச நேரம் கண் அசந்தேன்.

அவர் பிழைத்தது அதற்குப் பிறகு. ஆனால் நான் ஒப்புக்கொடுத்ததால்தான் பிழைத்தார் என்று தயவுசெய்து யாரும் சொல்லாதீர்கள். அதே வரியைச் சொல்லிவிட்டுத் தனியாக வீடு திரும்பியவர்கள் நம் சபையிலேயே இருக்கிறார்கள். அக்கா அவர்களில் ஒருவர். அவருடைய வீட்டுக்காரர் அப்படி ஒரு வார்டிலிருந்து திரும்பி வரவில்லை என்பது எனக்குப் போன வாரம்தான் தெரிந்தது. அப்போஸ்தலன் பவுல், தன் மாம்சத்தில் இருந்த முள் என்று அவர் சொன்ன வேதனை நீங்க வேண்டும் என்று மூன்று தரம் வேண்டிக்கொண்டார், என் கிருபை உனக்குப் போதும் என்ற பதில்தான் வந்தது. முள் எடுக்கப்பட்டதாக எங்கும் இல்லை. அந்தப் பதிலோடு வாழ்ந்துகொண்டிருக்கிற ஒருவர்தான் என் கணவருக்காக ராத்திரி முழுக்க விழித்திருந்தார். அக்கா, இதைப் படிப்பீர்கள் என்று தெரியும். உங்களுக்குக் கொடுக்கப்படாதது எனக்குக் கொடுக்கப்பட்டிருக்கிறது. அதற்காக நீங்கள் சந்தோஷப்பட்டு அழுததைப் பார்த்தேன். அதற்கு எப்படி நன்றி சொல்வது?

இனி யாருக்காவது இப்படி ஒரு ராத்திரி வந்தால் எனக்குச் சொல்லி அனுப்புங்கள், எந்த நேரமானாலும் சரி. சுகமாகிவிடும் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். பக்கத்தில் உட்காருகிறேன். அந்த வரி உங்களுக்கு வராவிட்டால் வரும்வரை நான் சொல்கிறேன்.

அடுத்த மாதம் என் கணவருக்கு இன்னொரு பரிசோதனை இருக்கிறது. நல்ல முடிவு வர வேண்டும் என்று தினமும் ஆண்டவரிடம் கேட்கிறேன், நீங்களும் அதையே கேளுங்கள்.

கர்த்தருக்குள் உங்கள் சகோதரி